கில்பட் பூட்டிய கடல்

கில்பட்: அங்கால திரும்பு தம்பி அம்ஜத். நான் பாஸ்வேர்ட் அடிக்கப் போறன்.

அம்ஜத்: கில்பட் அண்ண, நீங்க அடிக்கிறது பிழை எண்டுதானே போனத் தூக்கிட்டு என்ட கடைக்கு வந்தீங்க? பிழையான பாஸ்வேர்ட நான் பாத்தா என்ன?

கில்பட்: பிழையானதும் ரகசியந்தான். சிலாபத்துக் கிளாஸ்ல சொன்னது. திரும்பு.

அம்ஜத்: திரும்பிட்டன்... அடிச்சாச்சா?

கில்பட்: ம்ம்... இதுவும் இல்ல.

அம்ஜத்: எத்தினையாவது?

கில்பட்: நாப்பத்தொண்டு.

அம்ஜத்: உள்ளுக்க அப்படி என்னதான் இரிக்கி?

கில்பட்: வெளிய சொல்லிராத. கடலுக்கடியில மீன் கூடுற ஒரு கல்லுப் பார்... அதுட ஜிபிஎஸ் பொயிண்ட். அதில ஏழு மீன்கூடு இறக்கியிருக்கன். இண்டைக்கு நாலாம் நாள். தூக்காட்டி மீனெல்லாம் உள்ளயே செத்து அழுகிரும்.

அம்ஜத்: மேல மிதப்புக் கட்டியிருப்பீங்கதானே? அதப் பாத்துப் போங்களேன்.

கில்பட்: மிதப்பா! மிதப்பக் கண்டா ஊரே வந்து தூக்கும். அது பாஸ்வேர்ட நெத்தியில எழுதி ஒட்டின மாதிரி. நான் இப்ப மீனவர் சங்கத் தலைவர் மட்டுமில்ல தம்பி, டிஜிட்டல் பாதுகாப்பு இணைப்பாளர். சேர்ட்டிபிக்கட் சட்டம் போட்டு மாட்டியிருக்கு.

அம்ஜத்: எத்தினை நாள் கிளாஸ்?

கில்பட்: ஒரு நாள்... பகல் சாப்பாட்டோட முடிஞ்சிது.

அம்ஜத்: ஜிபிஎஸ் கருவியில பொயிண்ட் இல்லயா?

கில்பட்: அழிச்சிட்டன். ரெண்டு இடத்தில வச்சா ரெண்டு கள்ளன் வருவான்.

அம்ஜத்: பாஸ்வேர்டயாவது எழுதி வச்சீங்களா?

கில்பட்: பின்ன? பதினாறு எழுத்தெல்லோ. கடதாசியில எழுதி, போட்டோ எடுத்து, கடதாசியக் கொளுத்திட்டன்.

அம்ஜத்: போட்டோ எங்க?

கில்பட்: பத்திரமான இடத்தில.

அம்ஜத்: எங்க அண்ண?

கில்பட்: இந்தப் பூட்டுக்குள்ளதான்...

அம்ஜத்: யா அல்லாஹ்!

கில்பட்: இதவிடப் பத்திரமான இடம் எங்க இருக்கு? நீ உடைச்சுத் திற.

அம்ஜத்: கம்பி விட்டு நெம்ப இது அலுமாரி இல்ல. உங்கட பொயிண்டக் கலக்கிக் கூழாக்கி வச்சிரிக்கி. சரியான சாவி போட்டாத்தான் பழையபடி நம்பராகும். எனக்கும் ஏலாது, இதச் செஞ்ச கொம்பனிக்கும் ஏலாது. என்கிரிப்ஷன் எண்டா அதுதான்.

கில்பட்: பாத்தியா, எவ்வளவு திறமாப் பூட்டியிருக்கன்!

அம்ஜத்: ஓம், நல்ல திறம்... வாப்பாட்டக் கேப்பமா? ஆலங்குடாக் கடல்ல அவருக்குத் தெரியாத பார் இல்ல. அடையாளம் சொன்னா இடத்தக் காட்டுவாரு.

கில்பட்: மஸாஹிர் நானாட்டயா? வேணாம்!

அம்ஜத்: ஏன்?

கில்பட்: அது... வயசு போன மனிசன். கரைச்சல் குடுக்கப்படா.

அம்ஜத்: நேத்தும் கடலுக்குப் போனாரே.

கில்பட்: கள்ளர் கூடின காலம் தம்பி, ஆரையும் நம்பப்படா. நீ இன்னொருக்காத் திரும்பு.

அம்ஜத்: இனித் திரும்பத் தேவையில்ல அண்ண. அந்த ஏழு கூட்டையும் வாப்பா நேத்தே தூக்கிட்டாரு. முப்பது வருஷமா அவர் மட்டும் போற பார் அது. ஜிபிஎஸ்ஸப் பூட்டாம இரவல் குடுத்தது அவர்ட பிழைதான்... ஆனா போன மாசம் அஞ்சு பேர் வாங்கிப் போனாங்க, அதில பொயிண்டக் களவெடுத்தது எந்தக் கள்ளன் எண்டுதான் இவ்வளவு நேரமும் தெரியாம இருந்திச்சு.