அம்மன் அறை ஹீட்டர்

டோர்ட்மண்ட் டிராமில் என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"சாமியறை ஹீட்டரை மட்டும் பூட்டிப்போட்டன், சுமதி," என்றார் மூத்தவர்.

"இந்தக் குளிருக்கையோ அக்கா?"

"எங்கட தெருவுக்கு வாற சூடு இனி எரிவாயுவாலை இல்லையாம். சாக்கடைத் தண்ணியிலை இருந்து எடுக்கினமாம்."

"சூட்டை மட்டுந்தானே எடுக்கினம். தண்ணி வராது."

"தெரியும். எண்டாலும் அம்மனுக்கு முன்னாலை மனம் கேக்குதில்லை."

சுமதி கேட்டார்: "வெள்ளிக்கிழமை அம்மனுக்கு அபிஷேகம் செய்யிற தண்ணியை எங்கை ஊத்துறனீங்கள்?"

"மூண்டாம் மாடியிலை வேறை எங்கை ஊத்துறது? குசினியிலை பாத்திரம் கழுவுற தொட்டியிலைதான்."

சொன்னவர் தன் தரிப்பிடம் வந்ததும் எழுந்து, கம்பியைப் பிடித்தபடி திரும்பினார்.

"போனவுடனை ஹீட்டரைத் திறக்கிறன். வாற வெள்ளி அபிஷேகத்துக்கு இளஞ்சூட்டுத் தண்ணி எடுக்கிறன். அந்தச் சாக்கடைச் சூட்டுக்கு எங்கட பங்கும் கொஞ்சம் போகட்டும்."