பெரிய அளவு வளையல்

குத்தாலத்தில் பஸ் ஏறிய அக்காவும் தங்கையும் என் முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். அக்காவின் மடியில் கண்ணாடி வளையல் பெட்டி. மறுநாள் அவள் மகளுக்கு வளைகாப்பு.

"பழைய அளவு ஏறலையாம். பெருசா வாங்கிட்டு வாம்மான்னு காலையில போன் பண்ணினா."

தங்கை சிரித்தாள். "என் வளைகாப்புல எனக்கும்தான் ஏறல. நீதானேக்கா சோப்பு போட்டு ஏத்திவிட்ட? எல்லாரும் பாட்டை நிறுத்திட்டுச் சிரிச்சீங்க."

"அம்மாவுக்குப் பெருமை தாங்கல. மூஞ்சி கையெல்லாம் பூசினாப்புல இருக்கு, நம்ம வீட்டுச் சோறு ஒட்டுதுன்னு."

"எனக்குப் பிடிச்ச புளிசாதம். தலைவலியில ரெண்டு வாய்க்கு மேல இறங்கல. கண்ணு முன்னாடி பூச்சி பறந்துச்சு. அலைச்சல்னு விட்டுட்டோம். மறுநாள் வலிப்பு வந்தப்புறந்தானே பிரஷர்னு தெரிஞ்சுது."

இருவரும் சட்டென்று வளையல் பெட்டியைப் பார்த்தார்கள். அக்கா போனை எடுத்தாள்.

"தலை வலிக்குதாடி? எப்பலேருந்து? கண்ணு மங்குதா? ஏன்டி சொல்லல?"

எழுந்தே நின்றுவிட்டாள். பெட்டியைத் தங்கை பிடித்துக்கொண்டாள்.

"வளைகாப்பு கிடக்கட்டும். மாப்பிள்ளையைக் காரை எடுக்கச் சொல்லு, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போயி பிரஷர் பாருங்க. நாங்க நேரா அங்க வந்துடுறோம். சோப்பு கீப்பு போட்டு ஏத்தாத. வீங்கின அந்தக் கையை அப்படியே டாக்டர்கிட்ட காட்டு."