மாப்பிள்ளையின் வயிறு

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் புளியங்குடி பஸ் இன்னும் கிளம்பவில்லை. எனக்கு முன் சீட்டில், பெண் பார்க்கப் புறப்பட்ட மாப்பிள்ளை தரகரிடம் கேட்டான்.

"அண்ணாச்சி, பொண்ணு வீட்டுல கக்கூஸ் உண்டுமா?"

"பொண்ணு எப்படின்னு கேக்கலை, இதைக் கேக்கீரே வே."

"போன இடத்துல பாதி பஜ்ஜியில எந்திரிச்சு ஓடுனேன். வேண்டாம்னுட்டாவ."

"வைத்தியம் பாத்தீரா?"

"மோருல வெந்தயம், மாதுளந்தோல் கசாயம், சுண்டவத்தல், கோயில் புத்துமண்ணு. எல்லாம் இன்னைக்குக் காலைலதான்."

நான்கு மருந்து என்று எண்ணிக்கொண்டேன். கவலையாகவும் இருந்தது.

தரகர் சற்றே தள்ளி உட்கார்ந்தார். "பயப்படாதேயும். அவிய வீட்டுல ரெண்டு கக்கூஸு. பொண்ணுக்கும் இதே வயிறுதான்."

மாப்பிள்ளை நிமிர்ந்தான்.

"அப்பம் பொண்ணைப் பாக்கவே வேண்டாம் அண்ணாச்சி. பேசி முடிச்சிருங்க."