இருபது நிமிடம்

சக்கர நாற்காலியை மடிக்கத் தெரிந்தவர்கள் நம் பக்கத்தில் குறைவு, ஐயா. இருக்கைத் துணியை நடுவில் பிடித்து மேலே தூக்கினால் போதும், தானாக மடங்கிவிடும். நான் மூன்று வருடமாக மடித்து மடித்துக் கை பழகியவன்.

என் முனைவர் பட்ட ஆய்வே அதைப் பற்றியதுதான். நடக்க இயலாதவர்கள் கோயில், அருவி, பூங்கா என்று போய்வர எது தடை என்பது. ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் வீடு வீடாக ஏறி இறங்கினேன். படிக்கட்டைவிடப் பெரிய தடை, கூட வருகிறவர்கள்தான். "போதும், வா" என்று அவர்களே முடிவு செய்துவிடுகிறார்கள். எனக்கு அது பொறுக்காது. அதனால் ஒரு விதி வைத்தேன். விரும்பிய இடத்தில் உட்கார வைத்துவிட்டு இருபது நிமிடம் யாரும் தொடக் கூடாது. துணைக்கு வந்தவர் கை கொடுத்துவிட்டார் என்று இரண்டு படிவங்களை என் வழிகாட்டி கிழித்தே போட்டார். இருபத்தொன்பது தேறியது. முப்பது வேண்டும்.

முப்பதாவது ஆள் முனீஸ்வரி. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண். மில் வேன் கவிழ்ந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்வு போய் ஆறு வருடம். ஓடைத் தண்ணீரில் உட்கார வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது. அம்மா குருவம்மாள் லேசில் சம்மதிக்கவில்லை. "நான் இருக்கேன்ல" என்றேன். "ஒங்கள நம்பித்தான் சார் விடுதேன்" என்றார்.

ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடியில் ஓர் ஓடை. நடுவிலிருந்த தட்டைப் பாறையில், கால் தண்ணீரில் இருக்கும்படி, அவளை நாங்கள் இருவருமாகத் தூக்கி உட்கார வைத்தோம். பிறகு குருவம்மாளை நாங்கள் வந்த வேனுக்கு அனுப்பினேன். வேன் கூப்பிடு தூரத்துக்கு அப்பால் நின்றது, நான்தான் அங்கே நிறுத்தச் சொல்லியிருந்தேன். நாற்காலியை மடித்துக் கரையேற்றினேன். கல்லூரிச் சொத்து, நனைந்தால் துருப்பிடிக்கும்.

"மீன் கடிக்குது சார், எனக்குத்தான் தெரியல" என்று காலைக் காட்டிச் சிரித்தாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்படி ஒரு சிரிப்பு மற்ற இருபத்தொன்பது பேரிடமும் நான் பார்த்ததில்லை.

வெள்ளம் திடீரென்று வந்ததாக முதலில் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தேன். அது சரியில்லை. நான் கூமாப்பட்டிக்காரன், அதுவும் மலையடி ஊர்தான். மேலே மழை பெய்தால் முதலில் சருகு வரும், அப்புறம் தண்ணீர் செம்மண் நிறமாகும், அதன் பிறகு நேரம் இருக்காது. எங்கள் ஊரில் சருகைக் கண்டால் மாட்டைக்கூடக் கரையேற்றிவிடுவார்கள். சருகு வந்தது பதினாறாவது நிமிடத்தில்.

"தண்ணி கலங்குது சார், தூக்கிருங்க" என்றாள். பதினெட்டு. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போய்விடுமே என்றிருந்தது. "செத்த நேரம் பொறும்மா" என்றேன். "அம்மாவக் கூப்பிடுங்க சார்" என்றாள். துணைக்கு வருபவரைச் சார்ந்திருத்தல் என்று படிவத்தில் ஒரு கட்டம் உண்டு. அதில் குறித்துக்கொண்டேன். பத்தொன்பதில் தண்ணீர் அவள் மார்புக்கு வந்தது. பாறை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். ஆறு வருடம் சக்கரம் தள்ளிய கை, நல்ல வலு. என்னைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். பத்து எட்டு வைத்திருந்தால் போதும். என்ன செய்ய, விதி என்று ஒன்று இருந்தது. இருபதில் எழுந்தேன். பாறை தெரியவில்லை.

நேரம் முடிந்ததென்று குருவம்மாள் துண்டை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். "எம் பிள்ள கூப்பிட்டாளா சார்?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். இல்லை என்றேன். உண்மையைச் சொன்னால் அந்த அம்மா தாங்கமாட்டார் என்று தோன்றியது.

நான் யாரையும் தள்ளிவிடவில்லை, ஐயா. எனக்கும் தூக்கம் இல்லை. படிவம் இதோ இருக்கிறது, பாருங்கள், யார் கையும் படாத முழு இருபது நிமிடம். 'எல்லா முடிவையும் நீங்களே எடுத்தீர்களா' என்ற கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் முனீஸ்வரி இல்லை. 'ஆம்' என்று அவளுக்காக நானே நிரப்பினேன்.