மீட்டரில் துடித்த முள்

— வெட்டாதீங்க அல்போன்ஸண்ணே! நல்லாப் பாடுற ரேடியோவோட ஒயரை எதுக்கு...

— தள்ளி நில்லு ஐரின். வெட்டி, நடுவுல மீட்டரை வெச்சாத்தான் இந்த பாட்டரிப் பெட்டி ரேடியோவுக்கு எவ்வளவு கரண்டு கொடுக்குதுன்னு சரியாத் தெரியும். லைசென்ஸ் பரிசோதனைன்னா சும்மாவா?

— நீங்க தந்தி ஆபீஸ்காரராச்சே... இந்த உத்தியோகம் எப்போலேர்ந்து?

— சண்டைக் காலம்மா, எல்லாம்தான் பார்க்கணும். உன் புருஷன் ஹென்றியும் நானும் ஒரே மேஜையில தந்தி அடிச்சோம். அவன் பட்டாளத்துக்குப் போனான். நான் இந்த சாந்தோம் ஆபீஸோட நின்னுட்டேன்.

— போனவர் பர்மாவிலேயே போயிட்டாருண்ணே.

— ம்... ரேடியோவைக் கழட்டிட்டேன். இப்ப முள்ளு பூஜ்யத்துல படுக்கணும்.

— படுத்துடுச்சா?

— இல்லே... ஏறுது. இறங்குது. மறுபடி ஏறுது... யாரோ கரண்டை இழுக்குறாங்க!

— எலி கடிச்சிருக்கும்...

— எலிக்குத் தந்தி அடிக்கத் தெரியுமா? குட்டை, நீளம், நீளம்... ஐரின், இந்தக் கை எனக்குத் தெரியும்.

— கையா?

— ஒவ்வொருத்தன் அடிக்கிறதும் ஒரு தினுசு. கடைசித் தட்டை இப்படி இழுத்து விடுறவன் ஹென்றி ஒருத்தன்தான்.

— மாதாவே! செத்தவரைப் பத்தி என்ன பேச்சு இது... மீட்டரை எடுங்க!

— நடிக்காதே. இதே பெட்டியிலேர்ந்து சுவரோரமா இன்னொரு ஒயர் பரணுக்குப் போகுது. பட்டாளத்தை விட்டு ஓடி வந்தவனை மேல ஒளிச்சு வெச்சிருக்கே.

— ஐயோ, மெதுவாப் பேசுங்கண்ணே!

— கேளு. என்னை அனுப்பினதே பட்டாளத்துப் போலீஸ். தெருமுனையில நிக்குறாங்க. முள்ளு ஆடினா அடையாளமா ஜன்னலைத் திறன்னாங்க. திறக்க மாட்டேன். அவனைக் கீழ இறக்கு, கொல்லை வழியாக் கடற்கரைப் பக்கம் ஓடட்டும்!

— அவரால... ஓட முடியாதுண்ணே.

— ஏன்? இரு... தண்ணி. தண்ணின்னுதான் அடிக்கிறான். போய்க் கொடேன்!

— பேசினா அக்கம்பக்கம் கேக்கும்னு, எது வேணும்னாலும் மேலேர்ந்து தந்தி அடிச்சுத்தான் கேப்பார். இந்த ரேடியோ விளக்கு மங்கி மங்கி எரியும்... அப்புறம் காய்ச்சல் வந்துது. டாக்டரைக் கூப்பிட முடியலே...

— அழாதே. இப்ப எப்படி இருக்கான்?

— நேத்தே உயிர் போயிடுச்சுண்ணே. ரெண்டு கையையும் சேர்த்து... ஜெபமாலையால நான்தான் கட்டி வெச்சேன்.