மெழுகு விடாத தூள்

டீ வேண்டாம் சார். ஸ்டேஷனில் உட்கார்ந்து குடித்தால், பார்ப்பவர்களுக்குக் குற்றவாளி மாதிரி தெரியும்.

என் பெயர் ராஜவேலு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தில் பதினெட்டு வருடமாக வேலை. மூலக்கூறு காந்தம் என்று ஒன்று உண்டு சார். ஒவ்வொரு மூலக்கூறும் ஒரு குட்டிக் காந்தம். அதன் வடக்கு தெற்கு ஒரே அச்சில்தான் நிற்கப் பார்க்கும், வேறு பக்கம் இழுத்தால் முரண்டு பிடிக்கும். அந்த முரண்டு எவ்வளவு என்று அளப்பதுதான் என் பிழைப்பு.

தூளாக அளக்கும்போது மெழுகு விட்டு உறைய வைக்க வேண்டும். இல்லாவிட்டால் காந்தப்புலத்தில் ஒவ்வொரு துகளும் தனக்குச் சௌகரியமான பக்கம் தானாகவே திரும்பிக்கொள்ளும், அளவு நிஜத்தைவிட அதிகமாக வரும். போன தை மாதம் அவசரத்தில் நான் மெழுகு விடவில்லை. யாரும் பார்த்திராத பெரிய எண் வந்தது. முதலாளி சால்வை போட்டார், என் படத்தை வரவேற்பறையில் மாட்டினார்கள். அதற்குப் பிறகு வாயைத் திறக்கப் பயமாக இருந்தது.

பூமிகா ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலில் வருகிற பெண். சேர்ந்து நான்கே மாதம். தானாகவே மெழுகு விட்டு மறுபடி அளந்திருக்கிறாள்.

"சார், பாதிகூட வரலை. பொடி உள்ளாரயே திரும்பிக்கினு இருந்திருக்குது."

"யாராண்டயாவது சொன்னியாம்மா?"

"உங்களாண்டதான் சார் மொதல்ல. நீங்களே சொல்லிடுங்க, பேரு கெடாம இருக்கும்."

நல்ல பெண். என்னைக் காப்பாற்றத்தான் பார்த்தாள். எனக்கோ மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

திரவ நைட்ரஜன் வைக்கும் அறையில் அது கசிந்து மூச்சுக்காற்று குறைந்தால் மணி அடிக்கும். சும்மாவே அடித்து எல்லோருக்கும் தொல்லை. வியாழன் மதியம் அதை அணைத்தேன். உள்ளே நைட்ரஜன் குழாய் திறந்திருந்தது, திறந்தவன் நான்தான். பூமிகாவை ஒரு குடுவை நிரப்பி வரச் சொன்னேன். கதவு ஆடுகிறதே என்று வெளித்தாழ்ப்பாளைப் போட்டேன். நான் தள்ளவில்லை சார், அவளாகத்தான் போனாள்.

இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது. அந்தப் படத்தைக் கழற்றிவிடுவார்களோ என்று.

கதவு தட்டியதை மெஷின் சத்தம் என்று நினைத்ததாகப் பக்கத்து அறை திலகவதி சொன்னாராம், ஐந்து முறை என்று எழுதியிருக்கிறீர்கள். ஏழு சார். ஏழாவது ரொம்ப மெல்லக் கேட்டது. திருத்திக்கொள்ளுங்கள், அளவு விஷயத்தில் நான் பொய் சொல்கிறவன் இல்லை.