ஒரே வீடு, ரெண்டு கார்

அவள்: என் பாடத்துல பனிக்கரடி வேண்டாம்னா வேண்டாம்.

அவர்: பாவம்டி, அதுங்க கால் வைக்கிற இடமெல்லாம் உருகுது...

அவள்: உருகட்டும். போன தடவை பாடத்திட்டக் கமிட்டித் தலைவர் என்ன கேட்டார் தெரியுமா? “உங்க மாணவர்கள்ல யாராவது பனிக்கரடியை நேர்ல பாத்திருக்காங்களா?”

அவர்: நீ என்ன சொன்னே?

அவள்: “உங்களைத்தான் சார் தினம் பாக்கறாங்க”ன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன்.

அவர்: நல்லவேளை. ஒருத்தர் சம்பளத்துல வீடு ஓடாது.

அவள்: விளையாடாதீங்க. நாளைக்கும் அவர் தலையாட்டலேன்னா, என் சுற்றுச்சூழல் பாடத்தைப் பிடுங்கி அந்தக் கெமிஸ்ட்ரி சொட்டைத்தலையர் கையில குடுத்துடுவாங்க. நாயா அலைஞ்சு வாங்கினது. ‘நீடித்த நிலைத்தன்மை’ன்னு போர்டுல எழுதி, அந்த ஆள் மனப்பாடம் பண்ண வச்சுடுவார்.

அவர்: சரி, மார்க்கரைக் கடிக்காதே. குப்பை?

அவள்: ரெண்டு தொட்டி, ஒரு போஸ்டர், முடிஞ்சது. விடை முன்னாடியே தெரிஞ்சா அது என்ன பிரச்சினை? இதுல நாம பாடமே நடத்தக் கூடாது. பசங்க கையில ஒரு பிரச்சினையைக் குடுத்துட்டு ஒதுங்கிக்கணும். அவங்களே தோண்டணும். அதுவும் கண்ணுக்கு எதிர்ல இருக்கற பிரச்சினையா...

அவர்: கண்ணுக்கு எதிர்ல நான்தான் இருக்கேன்.

அவள்: தள்ளுங்க, ஜன்னலை மறைக்காம... ஐயோ!

அவர்: என்ன?

அவள்: கீழே, நம்ம யுனிவர்சிட்டி கார் நிறுத்தற இடம்! இடம் பத்தலைன்னு அந்த மரத்தையெல்லாம் வெட்டப் போறாங்க இல்ல? ஒவ்வொரு கார்லயும் ஒரே ஒரு ஆள் வந்தா எப்படிப் பத்தும்? ஏன் தனியா வர்றாங்க? பசங்க போய் விசாரிக்கட்டும்!

அவர்: அடி சக்கை! எழுது, எழுது.

அவள்: “ஒரே தெருவிலிருந்து, ஒரே பல்கலைக்கழகத்துக்கு, தனித்தனிக் காரில் வருவோர்...”

அவர்: நில்லு. அழி.

அவள்: ஏன்?

அவர்: அந்த வெள்ளைக் கார் யாருது?

அவள்: என்னுது.

அவர்: பக்கத்துல சிவப்பு?

அவள்: ...உங்களுது.

அவர்: ஒரே தெருவாம்! ஒரே வீடு, ஒரே கட்டில்! பசங்க முதல்ல நம்மளைத்தான் பிடிப்பாங்க.

அவள்: பிடிக்கட்டுமே. உங்களுக்கு எட்டு மணிக்கு லேப், எனக்குப் பத்து மணிக்கு வகுப்பு. இதுல ஒளிக்க என்ன இருக்கு?

அவர்: “டைம்டேபிளை மாத்தலாமே”ம்பாங்க. நேரா டைம்டேபிள் சார்கிட்ட போய் நிப்பாங்க...

அவள்: நிக்கட்டும்.

அவர்: வேண்டாம்மா. ஹாஸ்டல்ல குழாய் ஒழுகுது பாரு, அருமையான பிரச்சினை...

அவள்: உங்களுக்கு ஏன் இப்படி வேர்க்குது?

அவர்: ஃபேன் ஓடலை.

அவள்: தலைக்கு மேல சுத்துது.

அவர்: ...சொன்னா கத்தக் கூடாது.

அவள்: யாரு அவ?

அவர்: சீ! அவளும் இல்ல, இவளும் இல்ல. அந்த எட்டு மணி லேப்... யாரும் என் தலையில கட்டலை. நானேதான் டைம்டேபிள் சாரைக் கெஞ்சி வாங்கினேன்.

அவள்: எதுக்கு?

அவர்: தனியா வரத்தான். கண்ணாடியை ஏத்திட்டு, தொண்டை கிழியப் பாடிக்கிட்டு வருவேன். வீட்டுல ஒரு வரி எடுத்தாலே நீ மிக்ஸியைப் போடறே.

அவள்: ஓஹோ.

அவர்: திட்டிடேன். இப்படி ‘ஓஹோ’ன்னா பயமா இருக்கு.

அவள்: அவர் உடனே சரின்னாரா?

அவர்: உடனே. சிரிச்சுக்கிட்டே போட்டுக் குடுத்தார். ஏன் சிரிச்சார்னுதான் இன்னும்... ஏய், அழிக்கச் சொன்னா மேல எழுதிட்டே போறே?

அவள்: இதைத்தான் நாளைக்குக் கமிட்டியில வைக்கப் போறேன். மாட்டினா ரெண்டு பேரும் சேர்ந்தே மாட்டுவோம்.

அவர்: ரெண்டு பேருமா? நீ என்ன பண்ணே?

அவள்: நீங்க போறதுக்கு முந்தின நாளே நான் போய் அவர்கிட்ட அழுதுட்டு வந்தேன்... “எங்க வீட்டுக்காரருக்கு எட்டு மணி லேப் போடுங்க சார், நான் பாட்டு கேக்காம வேலைக்கு வரணும்”னு.